பரோட்டாக் கல்லில் காய்ந்த ராடுகள்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும், அந்த ஒரே தங்கச்சிக்கும். "வெல்டிங் எப்படி வந்துச்சுன்னு பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுங்க அண்ணாச்சி" என்று உங்கள் ஃபோர்மேன் என்னிடம் கேட்டார். வகுப்பு எடுக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. முன்வரிசையில் ஒருத்தன் போனை நோண்டினால் போதும், எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும். சொல்ல வந்ததில் பாதி மறந்துவிடும். அதனால் எழுதித் தருகிறேன். வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். அப்போது போனை நோண்டினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

எனக்குத் தொழில் காட்டிய மேஸ்திரி ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், புகழ்ந்தால் அவருக்குக் கோபம் வரும். புதிதாக வருகிறவன் கையில் அவர் முதல் நாளே வெல்டிங் ராடைப் பிடிக்கிற ஹோல்டரைக் கொடுக்க மாட்டார். இரண்டு இரும்புத் துண்டைத் தூக்கிப் போட்டு, "ரெண்டையும் சேத்துக் கொண்டாலே" என்பார். எதை வைத்து என்று சொல்ல மாட்டார். நான் முழித்தேன். கடைசியில் கட்டுக்கம்பியைச் சுற்றி, இறுக்கிக் கட்டிக் கொண்டுபோய் நீட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால், "சரிதான். மனுசன் மொதல்ல இதத்தான் பண்ணினான். நாளைக்கு வேற மாதிரி சேத்துட்டு வா" என்றார்.

மறுநாள் துளை போட்டு ஆணி கோத்துத் தலையை நசுக்க வைத்தார், அதாவது ரிவெட். அதற்கடுத்து ஆசாரி உலைக்குக் கூட்டிப் போனார். இரண்டு இரும்பை வெள்ளை வெளேரென்று பழுக்க வைத்து, மேலே ஒரு பிடி மணலைத் தூவி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்துச் சம்மட்டியால் சாத்து சாத்தென்று சாத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். மணல் எதற்கு என்று கேட்டேன். பழுத்த இரும்பின் மேல் படிகிற கசடை அது இளக்கி வெளியே தள்ளும், இடையில் அழுக்கு இருந்தால் ஒட்டாது என்றார். எத்தனையோ நூறு வருஷம் உலகத்தில் வெல்டிங் என்றால் அது ஒன்றுதான். அப்புறம் கேஸ் வெல்டிங் காட்டினார். ஹோல்டரைத் தொட விட்டது அதற்கும் பிறகு.

கரண்டு வெல்டிங் பிறந்த கதையையும் அவர்தான் சொன்னார். இரண்டு கரித்துண்டுக்கு நடுவே கரண்டைப் பாயவிட்டால் கண்ணைப் பறிக்கிற வெளிச்சம் வருகிறது என்று முதலில் கண்டுபிடித்தார்கள். தெருவிளக்குக்கு ஆகும் என்று வைத்துக்கொண்டிருந்ததை, எவனோ ஒரு புண்ணியவான் இரும்பை உருக்க வைத்துப் பார்த்தான். பிறகு கரிக்குப் பதில் இரும்புக் கம்பியையே எரியவிட்டார்கள். வெறும் கம்பி, மேலே பூச்சு கீச்சு எதுவும் கிடையாது. ஒட்டத்தான் செய்தது, ஆனால் தட்டினால் முறுக்கு மாதிரி ஒடிந்தது. உருகின இரும்புக்குள் காற்று புகுந்துவிட்டது, வேறொன்றுமில்லை. அதற்கப்புறம்தான் சுண்ணாம்பு அது இது என்று குழைத்துக் கம்பிமேல் பூசிப் பார்த்தார்கள். பூச்சு எரிந்து புகையாகிக் காற்றை அண்டவிடாமல் காத்தது. மிச்சம் கசடாகி மேலே போர்வை மாதிரி மூடியது. ஆசாரி தூவுகிற மணலுக்கும் ராடு மேல் இருக்கிற பூச்சுக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். டப்பாவிலிருந்து நீங்கள் அலட்சியமாக உருவுகிறீர்களே, அந்த ராடின் உயிர் முழுக்க அந்தப் பூச்சில் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு மேஸ்திரி ஒரே ஒரு புத்தி சொன்னார். "நிக்கிற இடத்துல ஒண்ணும் ஓடலேன்னா ஒரு படி பின்னால போலே. அங்கனயும் ஒருத்தன் நின்னு யோசிச்சிருப்பான்லா." பெரியவர் ஏதோ சொல்லுகிறார் என்று தலையை ஆட்டிவிட்டு மறந்துபோனேன். பல வருஷம் கழித்து ஒரு மழையில் அது ஞாபகம் வந்தது. அந்த மழையைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் பாய் கடையைச் சொல்ல வேண்டும்.

வெளியூர்க்காரனுக்குக் குற்றாலச் சாரல் என்றால் குளியல், மிளகாய் பஜ்ஜி, குடும்பத்தோடு ஒரு போட்டோ. நமக்கு வயிற்றெரிச்சல். ஆனி, ஆடியில் தென்காசிக் காற்றே ஈரம்தான். துணி காயாது, விறகு காயாது. ராடு மேல் இருக்கிற பூச்சு சும்மா இருந்தே ஈரத்தைக் குடித்துவிடும். அதை வைத்து ஒட்டினால் கடுகு தாளித்த மாதிரி வெடிக்கும், உள்ளே ஓட்டை ஓட்டையாக நிற்கும். இப்போது உங்களுக்கு ராடு காயவைக்க மின்சார அடுப்பு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு வாய்த்தது பக்கத்து பரோட்டாக் கடை.

பாய் கடையில் பரோட்டாக் கல்லை ஒட்டிச் செங்கல்லில் ஒரு மேடை உண்டு. அடுப்புச் சூடு அதில் எப்போதும் இருக்கும், எண்ணெய் படாது. எங்கள் ராடுகளை அங்கே அடுக்கி வைப்போம். சீசன் நேரத்தில் சாப்பிட வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "அது என்ன பாய், குச்சி கபாபா?" என்று கேட்பார்கள். "ஆமா, அது வெல்டருக்கு மட்டும்" என்பார் பாய். மேஸ்திரி அப்போதே கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். கல் பாய்க்கு, மேடை நமக்கு. அதை யாரும் மீறியதில்லை, வேலு மீறுகிற வரைக்கும்.

வேலு எங்கள் பட்டறையில் நல்ல கை. முப்பதைத் தாண்டியவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் ஒட்டினால் மல்லிகைச் சரம் தொடுத்தது போல இருக்கும். அவனுக்கு இருந்த ஒரே சீக்கு அவசரம். ஒரு ஆடி மாதம், வடகரைப் பக்கம் ஒரு குளத்திலிருந்து ஆள் வந்தார்கள். குளம் பெருகினால் உபரித் தண்ணீரை வெளியே விடுகிற மறுகாலில் ஒரு இரும்பு ஷட்டர் இருக்கிறது. அதை மேலே தூக்குகிற திருகுத் தண்டு, கைத்தண்டி இரும்பு, விரிசல் விட்டுவிட்டதாம். நான் அன்றைக்குப் புளியங்குடியில் ஒரு லாரி வேலையில் மாட்டிக்கொண்டேன். வேலு போனான்.

அன்று பாய் மேடை முழுக்கத் தன் ஈர விறகைக் காயப்போட்டிருந்தார். வேலுவுக்கோ பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். பரோட்டா மாஸ்டர் பரிதாபப்பட்டு, "இங்கன கொண்டா, ஒரு நிமிசத்துல காஞ்சிரும்" என்று ராடுகளைக் கல்லின் ஓரத்தில் போட்டு, பரோட்டாவைப் போலவே திருப்பித் திருப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறார் மகராசன். பூச்செல்லாம் எண்ணெய். வேலு துணியால் துடைத்துவிட்டு எடுத்துப் போனான். ஒட்டும்போது புகையும் வெடிப்புமாக வந்திருக்கிறது. மனசு கேட்காமல் அதன்மேலேயே சுற்றிச் சுற்றிப் போட்டு, தண்டைச் சுற்றிக் கட்டி மாதிரி ஒரு முண்டே வைத்துவிட்டான். தேய்த்துச் சில்வர் பெயிண்டும் அடித்துக் கொடுத்தான். பார்க்கப் பளபளவென்று இருந்ததாம். ஊர்க்காரர்கள் இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். வேலு என்னிடம் இதில் ஒன்றையும் சொல்லவில்லை.

ஐப்பசி வந்தது. ஐயோ, பெய்தது பாருங்கள் ஒரு மழை! ஒரு நாள் காலையில் அதே ஊரிலிருந்து போன். குளம் விளிம்புவரை ஏறிவிட்டது, ஷட்டரைத் தூக்கலாம் என்று சக்கரத்தைச் சுற்றியிருக்கிறார்கள், டொக்கென்று தண்டு ஒடிந்துவிட்டது. ஷட்டர் மூடியபடியே நிற்கிறது. கரையில் ஒரு இடத்தில் தண்ணீர் ஊறத் தொடங்கியிருக்கிறது. எங்கள் வேனில் ஜெனரேட்டர், வெல்டிங் மிஷின், கனத்தைத் தூக்குகிற செயின் பிளாக், பழைய இரும்புத் துண்டுகள் போட்ட பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நானும் வேலுவும் கிளம்பினோம். தண்டு ஒடிந்துவிட்டது என்று கேட்டதும் வேலு புது ராடு டப்பா ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டான்.

கரை சேறாகக் கிடந்தது. வேனை முனையிலேயே நிறுத்திவிட்டுச் சாமான்களைத் தோளில் சுமந்தோம். ஊறுகிற இடத்தில் ஆட்கள் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நேர் கீழே ஒரு வீடு, வீட்டை ஒட்டி ஒரு வயல். கார் நெல் முற்றிச் சாய்ந்து, அறுப்புக்குத் தயாராக நின்றது. சண்முகத்தாய் என்ற பெண்ணின் வீடும் வயலும் அவை. அவள் கணவர் பட்டாளத்தில் எங்கோ வடக்கே இருந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகப் பயிர் செய்கிறவள். கரை உடைந்தால் தண்ணீர் முதலில் போய் நிற்கிற இடம் அவள் அடுக்களை.

நான் ஷட்டருக்கு மேலே இருக்கிற மேடையில் குப்புறப் படுத்து ஒடிந்த இடத்தைப் பார்த்தேன். மேல்பாதி தண்டு சக்கரத்தோடு சும்மா தொங்கியது. கீழ்ப்பாதி ஷட்டரோடு நின்றது, அதன் உச்சியில் வேலு வைத்த முண்டு. முண்டின் மேல் விளிம்பில் வெட்டுப்பட்டது போல் ஒடிந்திருந்தது. ஒடிந்த முகத்தைக் கைவிரலால் தடவினேன். ஆப்பத்தின் நடுவில் இருக்குமே, அப்படிப் பொடிப் பொடியாக ஓட்டை. நிமிர்ந்து வேலுவைப் பார்த்தேன்.

"பாய் கடை மாஸ்டர் ராட பரோட்டாக் கல்லுல போட்டுட்டாரு அண்ணாச்சி" என்றான். "தொடச்சிட்டுத்தான் ஒட்டினேன்."

"தொடச்சியா? ஏலே, பூச்சுக்குள்ள எறங்கின எண்ணெய எவன்லே தொடைக்க முடியும்? அது என்ன உன் வாயா, பரோட்டா தின்னுட்டுத் தொடச்சிக்கிட?" என்று நான் பிடித்துக்கொண்டேன். இன்னும் நிறைய வந்திருக்கும். அதற்குள் சண்முகத்தாய் நனைந்துகொண்டே கரையேறி வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, நெல்லு போனாப் போவுது. வீட்டுக்குள்ள தண்ணி வந்துருமா? அத மட்டும் சொல்லுங்க. பிள்ளைகளக் கூட்டிட்டுக் கெளம்பணுமா?"

"பிள்ளைகள மேட்டுல கொண்டு விட்டுட்டு வா தாயி. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கையில் எந்த வழியும் அப்போது இல்லை. அவள் நம்பிக்கொண்டு ஓடினாள். 

வேலு அதற்குள் ஜெனரேட்டரிடம் போய்விட்டான். "நாலு பேர தார்ப்பாயப் பிடிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. கெடுத்தது நான், நானே ஒட்டுதேன். நல்ல ராடு கொண்டாந்திருக்கேன்."

ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். "ஒட்டுங்கய்யா! என்னத்துக்குப் பாத்துட்டு நிக்கிய? நேரம் போவுதுல்லா!"

தம்பிமாரே, இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் "ஒட்டு, ஒட்டு" என்று கத்துகிறார்கள். கையில் மிஷின் இருக்கிறது. தன் தப்பைத் தானே சரிசெய்யத் துடிக்கிற ஒருத்தன் கையில் ஹோல்டர் இருக்கிறது. இதைவிட ஆபத்தான நிலைமை நம் தொழிலில் கிடையாது. காலடியில் தண்ணீர், மேலே மழை. கரண்டு தூக்கியடித்தால் ஆள் குளத்துக்குள். அப்படியே ஒட்டினாலும், சூடான இரும்பின் மேல் மழைத் தண்ணீர் விழுந்து அந்த இடம் கண்ணாடி மாதிரி உடைகிற பதத்துக்கு வந்துவிடும். ஷட்டர் பாதி ஏறும்போது மறுபடியும் ஒடிந்தால் அப்புறம் பகவானே வந்தாலும் முடியாது. நான் அவன் கையிலிருந்து ஹோல்டரைப் பிடுங்கி வேனுக்கே கொடுத்தனுப்பினேன். "இன்னைக்கு ஒட்டுத பேச்சே கெடையாது" என்றேன்.

"அப்ப வெல்டர் என்ன மயித்துக்கு வந்தீரு?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மேஸ்திரி ஞாபகத்துக்கு வந்தார். ஒரு படி பின்னால் போனேன். கேஸ்? அந்தச் சேற்றில் சிலிண்டரைக் கரைமேல் கொண்டுவர முடியாது. இன்னொரு படி. ஆசாரி உலை? தண்டைக் கழற்றாமல் அதற்கு வழியில்லை. இன்னொரு படி. துளை போட்டு ஆணி கோக்கலாமா? கைத்தண்டி இரும்பைத் தண்ணீருக்கு மேலே தொங்கிக்கொண்டு எப்போது துளைத்து முடிப்பது? கடைசிப் படிக்கு வந்துவிட்டேன். கட்டு. இறுக்கிப் பிடி. ஆனால் வழுவழுப்பான உருண்டைத் தண்டை எதைக் கொண்டு பிடித்தாலும் இழுத்தவுடன் வழுக்கி மேலே உருவிக்கொண்டு வந்துவிடுமே என்று மறுபடி குனிந்து பார்த்தேன். அங்கே வேலுவின் முண்டு இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கயிற்றில் முடிச்சுப் போட்டால் கை வழுக்காது அல்லவா? தண்டில் முடிச்சு ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கத்தான் அந்த முண்டுக்கு வக்கில்லை. கீழேயிருந்து முட்டுக்கொடுத்தால் தாங்கிக்கொள்ளும், கீழ்ப்பாதியோடு அது நன்றாகத்தான் பற்றியிருந்தது.

"ஏலே வேலு, பெட்டியில லாரி பட்டை கெடக்கும் பாரு, போல்ட்டோட எடுத்துட்டு வா!"

பழைய லாரி ஸ்பிரிங்கில் கழற்றிய பட்டைத் துண்டுகளை முண்டுக்குக் கீழே தண்டின் இரண்டு பக்கமும் வைத்து, போல்ட் போட்டு, இனிமேல் சுற்றாது என்கிற வரைக்கும் இறுக்கினோம். மேடைக்கு மேலே குறுக்கே கிடந்த இரும்புக் கர்டரில் செயின் பிளாக்கை மாட்டி, அதன் கொக்கியைப் பட்டைக் கட்டில் கோத்தோம். வேலு சங்கிலியைப் பிடித்தான். "மெதுவாலே, வெண்ணெய் எடுக்குத மாதிரி இழு" என்றேன்.

கட்டு கொஞ்சம் வழுக்கி மேலேறிப் போய் முண்டில் முட்டி நின்றது. நின்றதா, நின்றது. சங்கிலி விறைத்தது. ஷட்டர் அசையவில்லை.  வேலு முண்டையே பார்த்தபடி, "தாங்குமா அண்ணாச்சி?" என்றான். "மூஞ்சியத் தள்ளி வச்சிட்டு இழுலே, விட்டுச்சின்னா பல்லு போயிரும்" என்றேன். இன்னொரு இழுப்பு. அடியில் கரகரவென்று சேறு விடுகிற சத்தம் கேட்டது. அடுத்த இழுப்பில் ஷட்டர் ஒரு விரற்கடை ஏறியது.

செந்தண்ணீர் அடியில் பீறிட்டுக்கொண்டு வெளியே பாய்ந்தது. அத்தனை பேரும் ஓவென்று கத்தினார்கள். என்னைத் திட்டினவரே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வேலு இழுத்துக்கொண்டே இருந்தான், ஷட்டர் முழுக்க ஏறி, அடியில் கட்டை முட்டுக்கொடுத்து நிறுத்துகிற வரைக்கும். நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா! வேட்டியெல்லாம் சகதி, மேலே மழை, நெஞ்சில் அப்படி ஒரு நிம்மதி. வெயில் இருந்திருந்தால் அங்கேயே படுத்துத் தூங்கியிருப்பேன். சாயங்காலத்துக்குள் குளம் இறங்கிவிட்டது, கரையில் ஊற்றும் நின்றது.

மழை விட்டதும் அந்தத் தண்டையே கழற்றிப் போட்டுவிட்டுப் புதுத் தண்டு மாட்டினோம். ஒட்டிக் கொடுங்கள் போதும் என்றுதான் கேட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். எதை ஒட்டக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை வருஷம் பிடித்தது எனக்கு. என் சர்வீஸில் எத்தனையோ ஒட்டியிருக்கிறேன், ஆனால் மனசு குளிர்வது ஒரு பொறிகூடப் பறக்காத அந்த வேலையை நினைத்துத்தான்.

அந்த வேலுதான் இன்றைக்கு உங்கள் ஃபோர்மேன். மின்சார அடுப்பு வேண்டும் என்று ஓயாமல் கேட்டு வாங்கிப் போட்டதும் அவன்தான். இதைப் பெயரோடு எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரப் போட்டே எழுதுங்க அண்ணாச்சி. இல்லேன்னா ஆடி பொறந்ததும் ஒருத்தன் ராடத் தூக்கிட்டுப் பாய் கடைக்குப் போவான்" என்றான். அதனால் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

ஒன்றை விட்டுவிட்டேன். ஷட்டர் ஏறின பிறகு சண்முகத்தாய் பிள்ளைகளை மேட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். பாய்கிற தண்ணீரைப் பார்த்தாள், கீழே தன் வீட்டைப் பார்த்தாள், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பட்டைக் கட்டு வழுக்காமல் தடுத்து நிறுத்தியிருந்த முண்டைக் காட்டி, "இந்த முண்டுதான பிடிச்சிக்கிட்டு நிக்கி? இத வச்சவுக நல்லா இருக்கணும்" என்றாள்.

 நானாக இருந்தால் சும்மா தலையை ஆட்டியிருப்பேன். வேலு முன்னால் வந்தான்.

"நான்தான் வச்சேன்க்கா. மொதல்ல ஒடஞ்சதும் இதுதான். எண்ணெய் பட்ட ராடு. என் தப்புதான்."

அவள் அவனையே பார்த்தாள்.  அவள் கீழே சாய்ந்து கிடக்கிற நெல்லைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்படியா? இந்த ஈரத்துல வயல்ல மிஷின் எறங்காது, அறுப்புக்கு ஆளும் பத்தல. வெயில் அடிச்சதும் வந்து சேருங்க தம்பி. அண்ணாச்சியையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

வெயில் அடித்தது. நாங்கள் போனோம். நெல்லறுக்க எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அவர்கள் அறுத்துப் போடப் போட, நாங்கள் இறுக்கிக் கட்டினோம்.